போரோங்கில் வாங்கிய காற்று

இன்றைக்கும் மின்சாரக் காத்தாடிக் கடையைக் கடந்து போனால் எனக்கு வயிறு எரியும். ஜார்ஜ்டவுனில் நாங்கள் குடியிருந்தது ஒரு கடைவீட்டின் மாடி. தகரக் கூரை. பகலில் மனிதர் இருக்க முடியாது. என் கணவருக்கோ இழுப்பு நோய். காற்று அசையாவிட்டால் அவரால் படுக்க முடியாது, தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே கிடப்பார். அந்த வீட்டில்தான் பழைய காத்தாடி ஒரு நாள் புகைந்து நின்றுபோனது.

கடையிலிருந்து ஆள் வந்தான். புதிதாக மாட்ட என்ன ஆகும் என்று கேட்டேன்.

"போரோங்தான்லா அக்கா, கவலைய விடுங்க" என்று ஒரு தொகை சொன்னான்.

போரோங் என்றால் மலாயில் மொத்தமாக எடுப்பது. பாசாரில் ஒரு கூடை மீனைப் போரோங்காக எடுத்தால் தலைக்கும் வாலுக்கும் தனிக் காசு கேட்பார்களா? அப்படித்தான் நானும் நம்பித் தொலைத்தேன். பழையதைக் கழற்றிக் கீழே வைத்த பிறகு அவன் அண்ணாந்து பார்த்து ஆரம்பித்தான்.

"கூரை ரொம்ப ஒசரம்க்கா, நீளக் கம்பி வேணும். ஒயரெல்லாம் எலி கடிச்சிருக்கு. உத்தரத்துல கரையான் வேற. அதுல மாட்டுனா அண்ணன் மேலதான் விழும்."

"போரோங்குன்னு சொன்னியேடா?"

"அது காத்தாடிக்கும் கூலிக்கும் மட்டும்லா."

அடப்பாவி! காத்தாடியைவிட அதைத் தொங்கவிடுகிற செலவு கூட. உத்தரமாவது உங்களுடையதுதானே என்று வீட்டுச் சொந்தக்காரரிடம் போய் நின்றேன். "சூடு ஒங்களுக்குத்தானம்மா?" என்று கதவைச் சாத்திக்கொண்டார். வளையலை விற்று உத்தரத்தையும் நானே மாற்றினேன்.

காத்தாடி சுற்றிய அன்று என் கணவர் பல நாளைக்குப் பிறகு மல்லாந்து படுத்தார். மறு வாரமே சொந்தக்காரர் மாடியேறி வந்து, என் காத்தாடிக்கு நேர் கீழே நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல காத்தா இருக்கே. புதுக் காத்தாடி வச்ச வீட்டுக்கு வாடகை கூடுதல். அடுத்த மாசத்துலேர்ந்து ஏத்திக் குடுத்துடுங்க."

"கம்பி, ஒயர், உத்தரம் எல்லாம் நாங்க போட்டது!"

"உத்தரத்துல மாட்டுனா அது வீட்டோட சேர்ந்தது" என்றார், கூசாமல்.

அவர் இறங்கிப் போனதும் என் கணவர் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். "அடைச்சிரு. கழட்டி வித்துடலாம். எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று சுவிட்சுக்குக் கை நீட்டினார். அதைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவருக்கு மூச்சு வாங்கியது.

நான் போய்ச் சுவிட்சை மறைத்து நின்றுகொண்டேன்.

"வாடகை ஏறினா ஏறட்டும். நீங்க படுங்க."