விறகுக் கயிறும் பதினொரு பூவும்

மாத்தளையில் நான் வாடகைக்கு இருக்கும் அறையின் கதவுக்குப் பின்னால் ஒரு தும்புக் கயிறு தொங்குகிறது. நீளம் ஆறரை மீற்றர். ஒரு முனை நெருப்பில் கருகியிருக்கும். மறு முனையில் இரட்டை முடிச்சு. நடுவில் ஒரு முழ நீளத்துக்குத் தும்பெல்லாம் தேய்ந்து, தொட்டால் துணி போல வழுவழுப்பாக இருக்கும். அறைக்கு வரும் தோழிகள், உடுப்புக் காயப்போடவா என்று கேட்பார்கள். இல்லை, அது என் அத்தையின் விறகுக் கயிறு. வேலை கிடைத்து நான் இங்கே வந்தபோது பெட்டியின் பூட்டு உடைந்திருந்தது. அத்தை ஆணியிலிருந்து இதை எடுத்துப் பெட்டியைச் சுற்றிக் கட்டி அனுப்பினார். அதற்கு முன்பு பல வருடங்களாக அந்தக் கயிறு எதையும் கட்டவில்லை. அது ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அத்தை அப்பாவின் தங்கை. சின்ன வயதிலேயே கணவரை இழந்து, பிள்ளையும் இல்லாமல், தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயக் காம்பராவுக்கே திரும்பி வந்தவர். ரிவர்ஸ்டனுக்கு ஏறும் மலைப்பாதையை ஒட்டிய தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தார். ஆறு நாள் மலையில் நின்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை கால் நீட்டிப் படுப்பார்கள், துணி துவைப்பார்கள், ரத்தோட்டைக்குச் சாமான் வாங்கப் போவார்கள். அத்தை விடியும் முன்பே எழுந்து, ஒரு கோப்பை பாலில்லாச் சாயத்தண்ணி குடித்துவிட்டு, கயிற்றைத் தோளில் போட்டு, கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு தனியாக மலையேறுவார். விறகுக்கு என்று பெயர். பத்து மணி போலத் திரும்பும்போது தலையில் இருப்பது ஒரு கைப்பிடிக் கட்டுத்தான். அவர் போனது குருவி பார்க்க. மழை ஓய்ந்து, எரபது என்னும் முள்முருங்கை மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துச் சிவக்கும் மாசியிலும் பங்குனியிலும் ஒரு ஞாயிறும் தவறாது. காட்டோரத்தில் என்ன பூத்திருக்கிறது, போன வாரம் மொட்டாக இருந்தது என்ன ஆனது, எந்தக் குருவி இன்னும் ஊருக்குத் திரும்பாமல் நிற்கிறது, இவற்றைப் பார்க்கத்தான் போனார்.

எங்கள் தோட்டத்தில் ஒரு பெண் தனியாக நடக்கலாம், கையிலோ தலையிலோ ஒரு சுமை இருந்தால். கொழுந்துக் கூடை, தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு, ஏதாவது ஒன்று. வெறுங்கையோடு நடப்பவளை, எங்கே போகிறாய் என்று கேட்பார்கள். அதுவும் கணவர் இல்லாதவர் என்றால் கேட்கக்கூட மாட்டார்கள், தாங்களாகவே பதில் சொல்லிக்கொள்வார்கள். அத்தையின் கயிறு விறகுக்கானது இல்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அது அவருடைய அனுமதிச் சீட்டு. அப்படியும் வாய்கள் சும்மா இருக்கவில்லை. அடுத்த காம்பராப் பெரியம்மா வாசல் கூட்டிக்கொண்டே, "என்னாங்க மதினி, இந்தக் குச்சிக்கு அஞ்சு மணித்தியாலமா? காட்டுல அடுப்பே மூட்டிட்டு வந்தீங்களோ?" என்பார். அத்தை சிரித்துக்கொண்டே, "ஆமாங்க, சோறும் ஆக்கினேன். ஒங்களுக்குத்தான் மிச்சம் இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போவார்.

என்னை ஒருநாளும் கூட்டிப் போனதில்லை. எனக்குப் பதினொரு வயது, கெஞ்சிப் பார்த்திருக்கிறேன். "நீ வந்தா பேசுவ புள்ள. பேசுனா எல்லாம் பறந்துரும்" என்று முடித்துவிடுவார். ஆனால் திரும்பி வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்ததையெல்லாம் சொல்வார். மலை உச்சி ஒலிபரப்புக் கோபுர வேலியில் உட்காரும் இரண்டு கறுப்புக் குருவிகள், இறக்கை விரித்தால் மட்டும் தெரியும் வெள்ளைக் கோடு. கீழ்க்காட்டில் விடியலிலும் அந்தியிலும் சொல்லிவைத்தாற் போலக் கூப்பிடும் ஆறுமணிக் குருவி; அது பங்குனி முடிவதற்குள் போய்விடும். பாதையின் இரண்டாம் மதகோரம் மூங்கில் போலத் தண்டு விட்டு நுனியில் வெளிர் ஊதாவில் பூக்கும் ஒரு செடி. அத்தை அதற்கு மூங்கிப்பூ என்று பெயர் வைத்திருந்தார். நேரத்தைக் கேட்டால், பனி கிழியறப்ப, வெயில் பாறையைத் தொடுறப்ப என்பார். எனக்கு அது போதவில்லை. நான் அப்போதே பட்டியல் போடும் பிள்ளை. வீட்டிலுள்ள கரண்டிகளுக்குக்கூட ஒரு பட்டியல் வைத்திருந்தேன்.

அந்தப் பங்குனியில் பாடசாலைக் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன். மூன்று பத்திகள்: நேரம், எண்ணிக்கை, இடம். அத்தை அதுவரை சொன்னதை வைத்து, நேரத்தை ஊகித்து, வரிசைகளை நானே நிரப்பினேன். ஆறு மணி, ஒன்று, கீழ்க்காடு. ஏழு பத்து, கறுப்பு இரண்டு, கோபுர வேலி. ஏழு நாற்பது, பதினொன்று, இரண்டாம் மதகு. பத்தி குறுகலாக இருந்ததால் குருவி, பூ என்ற சொற்களை எழுதவில்லை. எங்கள் இருவருக்கும் தெரிந்த விஷயத்தை எதற்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். அப்பாவின் பழைய கைக்கடிகாரத்தையும் சேர்த்து அத்தையின் சுருக்குப் பையில் போட்டு, இந்த முறை சரியான நேரத்தைப் பார்த்து வாருங்கள், நான் திருத்திக்கொள்கிறேன் என்றேன். அத்தைக்கு அதில் ஆர்வமில்லை. எனக்காக எடுத்துப் போனார்.

அது சண்டைக் காலம். எங்கோ தூரத்தில் குண்டு வெடித்தால் எங்கள் மலையிலும் அடையாள அட்டை கேட்பார்கள். அந்த ஒலிபரப்புக் கோபுரத்துக்கு ஆமி, அதாவது ராணுவம், பாதையில் சாவடி போட்டுக் காவல் இருந்தது. வழக்கமாக அத்தையையும் கயிற்றையும் பார்த்து, போ என்று கைகாட்டுவார்கள்; அந்த ஞாயிறு காலை காவல் மாறிப் புதியவர்கள் வந்திருந்தார்கள். அத்தை இறங்கி வரும்போது பையைத் திறக்கச் சொன்னார்கள். கிடைத்தவை: ஒரு கத்தி, ஒரு கயிறு, ஒரு ஆண் கைக்கடிகாரம், நேரமும் எண்ணிக்கையும் கோபுரம் என்ற சொல்லும் எழுதிய ஒரு தாள். இன்று நான் அந்தச் சாவடியில் நின்றிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

அத்தையை ஒரு தாளோடு பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்து அப்பா ஓடினார். நான் காம்பராவின் மூலையில் உட்கார்ந்திருந்தேன். அது நான் எழுதியது என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தக் காலத்தில் கொண்டுபோகப்பட்டவர்கள் எல்லோரும் திரும்பி வந்ததில்லை. அது பிள்ளைகளுக்கும் தெரியும். அதன் பிறகு நடந்ததெல்லாம் அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அங்கே பொறுப்பாக இருந்த சார்ஜன் தாளை அப்பாவிடம் கொடுத்து, உரக்க வாசித்துச் சிங்களத்தில் சொல்லச் சொன்னாராம். முதல் வரியிலேயே அப்பாவுக்கு என் கையெழுத்து தெரிந்துவிட்டது. அப்பா நிமிர்ந்து தங்கையைப் பார்த்தார். அத்தை தலையை அசைக்கவில்லை, கண்ணை மட்டும் ஒருமுறை மூடித் திறந்தாராம். அப்பா முழுவதையும் வாசித்தார். யார் எழுதியது என்று சார்ஜன் கேட்டார். அத்தை, நான்தான், எல்லாம் குருவியும் பூவும் என்றார். ஒரு பேனாவைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். மூன்றாம் வகுப்போடு நின்ற அத்தையின் எழுத்து, அடிமட்டக் கோட்டுக்குள் எழுதிய அந்த எழுத்தாக இல்லை. மறுபடியும் கேட்டார்கள். யார் எழுதியது? எத்தனையோ தடவை கேட்டும் அத்தை பெயர் சொல்லவில்லை. கடைசியில், தனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில் ஒன்றைச் சொன்னார். அப்பா அதைத் தமிழில் பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன்: "பாத்தது நான். எழுதுனது யாரா இருந்தா என்னா? பறக்குறத நான் இப்ப காட்ட முடியாது. பூத்துருக்கறத காட்டுறேன், வாங்க."

சார்ஜன் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, அத்தையை முன்னால் நடக்கவிட்டு, இரண்டாம் மதகுக்குப் போனார். அப்பாவும் பின்னால் போனார். கோபுர வேலியைக் கடக்கும்போது ஒரு குருவியும் இல்லை. மதகோரம் பூ இருந்தது. சார்ஜன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு விரல் நீட்டி எண்ணினார். பத்து. மறுபடி எண்ணினார். பத்துத்தான். தாளில் பதினொன்று என்று இருந்தது. ஒரு எண் தவறினால் எல்லாம் பொய்யாகிவிடும் என்று அப்பாவும் ஒவ்வொரு பூவாக எண்ணினாராம். அத்தை மட்டும் அவசரப்படாமல் பாதையோரம் குந்தி உட்கார்ந்து, நீங்களும் உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். துப்பாக்கியைத் தோளில் மாட்டியபடியே சார்ஜன் குந்தினார். மதகின் வாய்க்குள், தண்ணீர் தெறிக்கும் இடத்தில், வெளிச்சத்தைத் தேடி வளைந்த ஒரே ஒரு தண்டு. நுனியில் பூ.

அவர் சிரிக்கவில்லை. எழுந்து, தாளில் ஆறு மணிக்கு இருக்கும் குருவி எது என்று கேட்டார். அத்தைக்குச் சிங்களப் பெயர் தெரியாது; வாயைக் குவித்து அதன் இரண்டு சீழ்க்கையையும் அடித்துக் காட்டினார். கூட வந்திருந்த இருவரில் வில்கமுவ ஊர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், "அவிச்சியா" என்று அதன் சிங்களப் பெயரைச் சட்டென்று சொல்லிவிட்டு, சார்ஜன் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டானாம். கத்தியையும் கயிற்றையும் கடிகாரத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். தாளை மட்டும் சார்ஜன் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஏன் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்த அத்தை என்னைத் திட்டவில்லை. கடிகாரத்தை என் கையில் வைத்து, "ஏழு பத்து இல்ல புள்ள, ஏழு இருவது" என்றார். அப்பாதான் கத்தினார். இனி மலைப்பக்கம் காலை வைக்கக் கூடாது, விறகு வேண்டுமென்றால் தானே கொண்டுவருவதாகச் சொன்னார். அதற்குள் லயம் முழுக்கக் கதை பரவியிருந்தது. அத்தை இத்தனை வருடமாகக் காட்டில் செய்தது விறகு பொறுக்குவது இல்லை, பூவும் குருவியும் எண்ணுவது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. "ஆம்பள யாராச்சும் இருப்பான்னு நெனச்சேன். குருவியாமே! இதுக்கு அதுவே தேவல" என்று பெரியம்மா எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தையும் சேர்ந்து சிரித்தார்.

அடுத்த ஞாயிறு அவர் போகமாட்டார் என்றுதான் நினைத்தேன். விடியும் முன்பே விழித்துப் பார்த்தேன். அத்தை சாயத்தண்ணி குடித்துவிட்டு, சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, வெறுங்கையோடு கதவைத் திறந்தார். அப்பா பாயில் எழுந்து உட்கார்ந்தார். ஆணியில் இருந்த கயிற்றைப் பார்த்தார்.

"கயிறு?"

"தொங்கட்டும்ணே."

"ஆமி மறிச்சா என்னா சொல்லுவ?"

"குருவி பாக்கப் போறேன்னு சொல்லுவேன். இப்பதான் ஊருக்கே தெரியுமே. இனி எதுக்குப் பொய்க்கு ஒரு கட்டு செமக்கணும்?"

அப்பா பாயைவிட்டு எழுவதற்குள் அத்தை இறங்கிப் போய்விட்டார். சாவடியில் அவராகவே நின்று, எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் தாண்டினாராம். லயத்து வாசல்களைக் கடந்து, கையை வீசிக்கொண்டு, தலையில் ஒன்றும் இல்லாமல் ஒரு பெண் நடந்து போனதை நான் அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். பின்னாளில் நான் படித்த தொழில்நுட்பக் கல்லூரியில் வகுப்பில் நான்கே பெண்கள். முதல் நாள் அந்த வாசலைத் தாண்டும்போது எனக்கு நினைவு வந்தது அந்த நடைதான்.

இப்போது குடிநீர்த் திட்டங்களுக்கு வரைபடம் வரைகிறேன். நாள் முழுக்க அட்டவணைகள்தான். என் அட்டவணைகளில் விபரம் என்ற பத்தி மற்றவர்களுடையதைவிட அகலமாக இருக்கும். எந்தப் பொருளின் பெயரையும் சுருக்கி எழுதமாட்டேன். மேலதிகாரி அதைப் பார்த்துக் கேலி செய்வார். காரணத்தை அவரிடம் சொன்னதில்லை.

சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள். அத்தை இப்போது அப்பாவோடு ரத்தோட்டையில் இருக்கிறார். முழங்கால் தேய்ந்துவிட்டதால் ஏற்றம் ஏற முடியாது. போன பங்குனியில் ஒரு ஞாயிறு நான் தனியாக பஸ் எடுத்து ரிவர்ஸ்டன் பக்கம் போய், இரண்டாம் மதகில் நின்று எண்ணிவிட்டு, மாலையில் தொலைபேசியில் சொன்னேன்.

"ஏழு இருக்கு அத்தை."

"குந்திப் பாத்தியா?"

பார்க்கவில்லை. பாதையில் நின்றபடியே எண்ணினேன் என்றேன்.

"கையில என்னா கொண்டு போன?"

"ஒன்னும் கொண்டு போகல. சும்மாதான் போனேன்."

"யாரும் கேட்டாங்களா?"

"இல்ல அத்தை."

"ம்" என்றார். அந்த ஒற்றை எழுத்தில் இருந்த திருப்தியை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு, கயிறு இருக்கிறதா என்று கேட்டார். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது என்றேன்.

"தொங்கட்டும்" என்றார் அத்தை. "அடுத்த ஞாயித்துக்கெழம போயி குந்திப் பாரு."