சாம்பல் பட்ட வில்லைகள்

அருவருப்பு என்னும் சொல்லை நான் எளிதில் எழுதுபவன் அல்லன். ஆயினும், சென்ற பெரும்போக நெல் விதைப்புக்கு முன் கிளிநொச்சியில் வாங்கிய மூக்குக்கண்ணாடியைக் குறித்து எழுத வேறு சொல் அகப்படவில்லை.

அதற்கு முன் இருபது ஆண்டுகளாக நான் அணிந்தவை உண்மையான கண்ணாடி வில்லைகள். பாரம் மிகுந்தவை, மூக்கின் இருபுறமும் குழி பறித்தவை. எனினும் விளக்குச் சிமினியைத் துலக்குவதுபோல் அடுப்புச் சாம்பலை நனைத்துத் தேய்த்தால் பளிச்சென்று மின்னும். வாய்க்கால் கட்டில் விழுந்து இடது வில்லை வெடித்த பின்னரே புதியதை நாடினேன்.

"இது பிளாஸ்ரிக் ஐயா. விழுந்தாலும் உடையாது, பாரமும் இல்லை. மேலை பூச்சும் இருக்கு," என்றாள் கடைப்பெண். எதனால் துடைக்கலாகாது என்று அவளும் கூறவில்லை, நானும் வினவவில்லை.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான், எங்கள் ஊர் உழவர்கள் கூடும் கமக்காரர் அமைப்பின் செயலாளர். முன்னைய கூட்டத்தின் அறிக்கையை எழுந்து நின்று வாசிப்பதே ஊரில் எனக்குள்ள ஒரே மதிப்பு. பெரும்போகக் கூட்டத்தன்று காலை, புதிய வில்லைகளைச் சாம்பலிட்டுத் துலக்கினேன். பூச்சு பல்லி உரித்த தோலாய்ச் சுருண்டெழுந்தது. அதன் கீழே வில்லை, கிழட்டு மாட்டின் புரைவிழுந்த கண்போல் வெளிறிக் கிடந்தது. விரலில் ஒட்டிய செதில்களை வேட்டியில் துடைக்கவும் மனம் கூசியது.

கூட்டத்தில் எழுத்துகள் கஞ்சியில் விழுந்த எறும்புகளாய் நெளிந்தன. மூன்றாம் வரியில் தடுமாறினேன். என் பதவியின்மீது நெடுநாளாய்க் கண்வைத்திருந்த பக்கத்து வயற்காரர் எழுந்தார்.

"என்ன அண்ணை, எழுத்து மறந்து போச்சோ? எங்கை, என்னட்டைத் தாங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். அறிக்கை எழுதிய கொப்பியை நீட்டினேன். நான் எழுதியதை அவர் வாயால் கேட்டது, பிறர் எச்சிற் கோப்பையில் தேநீர் குடித்ததுபோல் இருந்தது.

மறுநாள் கடைக்குச் சென்று, அந்தப் பெண்ணிடம் பழையபடி கண்ணாடி வில்லையே கேட்டேன்.

"கண்ணாடி வில்லை இப்ப ஒருத்தரும் கேக்கிறேல்லை, நாங்களும் எடுக்கிறேல்லை ஐயா. இதைவிடப் பலமான பிளாஸ்ரிக் ஒண்டு இருக்கு. சுத்தியலாலை அடிச்சாலும் உடையாது."

"சாம்பலைத் தாங்குமோ பிள்ளை?"

"சாம்பலோ! அது இன்னும் கெதியாக் கீறுப்படும்."

வீடு திரும்பி, அலுமாரியில் கிடந்த பழையதை எடுத்தேன். வெடிப்பு இடது வில்லையோடு நின்றிருந்தது. வலது வில்லையில் ஒரு மாசும் இல்லை. அடுத்த கூட்டத்தில் இடக்கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினேன்.

"செயலாளர் ஆருக்குக் கண்ணடிக்கிறார்?" அதே குரல்.

"பயப்பிடாதையும் தம்பி, உமக்கில்லை."

கடைசி வரிவரை வாசித்து, கொப்பியை மூடிய பின்னரே மற்றக் கண்ணைத் திறந்தேன்.