பால் பதம், மோர் பதம்

“பினாயில் கலக்குறவ பொண்ணுக்கு எதுக்கும்மா கெமிஸ்ட்ரி?” என்று அன்று என் அம்மாவிடம் கேட்டுச் சிரித்தார் முதலாளி.

இன்று கல்லூரியில் தரை துடைத்த வாசனை வந்ததும் நெல்லித்தோப்பில் அம்மா வேலை பார்த்த தகரக் கொட்டகைக்கே நினைவில் போய்விட்டேன். பீப்பாயில் கரும்பழுப்புப் பினாயில் சரக்கு தண்ணீர் பட்டு வெளுக்க வெளுக்க, கட்டையால் கிண்டியபடியே, “ஆஸ்பத்திரிக்குப் பால் பதம், வூட்டுக்கு மோர் பதம், பாத்துக்கடி” என்பாள் அம்மா.

அதையே நூறு மில்லியில் இத்தனை மில்லி என்றும், பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்றும் சொல்லலாம் என்று பின்னாளில் படித்து வந்து சொன்னேன்.

“எத்தினி பேரு வெச்சாலும் அதே தண்ணிதானேடி!”

கொட்டகை நின்ற இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். அந்தப் பீப்பாயை இன்னொருமுறை எட்டிப் பார்க்க ஏங்குகிறேன்.

போன திங்கட்கிழமை முதுகலை வேதியியலில் சேர்ந்துவிட்டேன். படிவத்தில் பெற்றோர் கையெழுத்திடும் கட்டத்தில் அம்மா பெருவிரலை அழுத்திப் பதித்தாள்.