கழுவாத டாங்க்

எஞ்சினுக்குள் டீசலைத் தூவும் இன்ஜெக்டரைச் சோதனை மேசையில் பூட்டி பாஸ் கைப்பிடியை அழுத்தினால் டீசல் புகைபோல விரிய வேண்டும். நொசில் முனையில் ஒரு சொட்டுத் தொங்கினாலும் மறுபடி கழற்றிவிடுவார். கல்முனையில் டீசல் பம்ப் திருத்தும் பம்ப் ரூம் வைத்திருந்த காரைதீவுத் தமிழர் அவர்; கைவேலைக்காரரை எங்கள் பக்கத்தில் பாஸ் என்போம். எங்கள் ஊர் லொறிகளின் இன்ஜெக்டர்களை அவர்தான் புதுப்பித்துத் தந்தார். மாலையில் கடையைப் பூட்டிய பிறகு ஒரு போத்தல் பியர் குடிப்பார். கசப்பானதுதான் வேண்டும், லேசான பியர் போத்தல் கழுவின தண்ணி என்பார். வேலை நேரத்தில் பால் விடாத பிளேன்டீயைத் தவிர வேறெதையும் அவர் குடித்து நான் கண்டதில்லை. இதைச் சொல்ல வேண்டிய நாளில் நான் சொல்லவில்லை. அந்த ஆத்திரம்தான் இன்னும் அடங்கவில்லை.

எரிபொருளுக்கு வரிசையில் கிடந்த காலம் அது. லொறி காக்காவுடையது, அதாவது என் அண்ணனுடையது; ஓட்டியவன் நான். காக்கா மண்ணெண்ணெயும் தண்ணீரும் கலந்த டீசலைப் பரலில், ஒரு பழைய இரும்புப் பீப்பாயில், சேர்த்து வைத்திருந்தார். அதைக் குடித்துத்தான் ஆறு இன்ஜெக்டர்களும் கெட்டுப்போயின. புதுப்பித்துத் தரும்போது பாஸ் துருப்பிடித்த பழைய நொசில்களைக் காட்டிச் சொன்னார்: "தம்பி, டாங்கக் கழுவாம இன்ஜெக்டரப் பூட்டிராத. பரல்ல கிடக்கிறத இனி ஊத்தவும் ஊத்தாத."

"வரிசையில நாய்படாப்பாடு பட்டு எடுத்த டீசல். கொட்டச் சொல்றானா?" என்றார் காக்கா. டாங்கைக் கழுவாமல் பூட்டினேன். பரலைச் சரித்து ஊற்றியதும் என் கைதான். நெல் ஏற்றிக்கொண்டு மகியங்கனைக்கு அப்பால் மலையேறும்போது ஒரு இன்ஜெக்டர் ஒழுகி, பிஸ்டன் ஓட்டையாகி, எஞ்சின் செத்தது.

எங்கள் பக்கத்தில் லொறிப் பைத்தியங்கள் ஒரு கூட்டம் உண்டு. கடற்கரையில் லொறிகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுப்போம். எங்கள் மார்க்கத்தில் குடி ஹராம் என்பதால், நம்மவர்கள் சிலர் பியர் போத்தலைக் கறுப்பு உறைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு, ஸ்ட்ரோங் நல்லதா லாகர் நல்லதா என்று சண்டை பிடிப்பார்கள். அவர்கள் நடுவில் நின்றுதான் காக்கா சொன்னார்: "குடிகாரன்ட கையால செஞ்ச வேல. வேற என்ன நடக்கும்?" உறையும் கையுமாக நின்றவர்கள் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார்கள். வெட்கம் கெட்டவர்கள். சோடாவோடு நின்ற நான் அவர்களைவிடக் கேவலம்.

மறுநாள் பாஸ் சைக்கிளில் வீட்டுக்கே வந்தார். "தம்பி, மறைக்காமச் சொல்லு. டாங்கக் கழுவித்தானே பூட்டின?"

காக்கா பக்கத்தில் நின்றார். "ஓம், கழுவின" என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். காக்காவின் பேச்சு ஊரெல்லாம் பரவி, அதன்பின் அந்தக் கடை வாசலில் ஒரு லொறியும் நிற்கவில்லை. இன்று அங்கே போன் கடை. பாஸ் அம்பாறையில் யாரோ ஒருவருடைய கராஜில் டயர் கழற்றுகிறார்.

போன வாரம் எங்கள் லொறி வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் நல்ல பம்ப் ரூம் எங்கே என்று கேட்டிருந்தான். "முந்தி ஒருத்தன் இருந்தான், குடிச்சே அழிஞ்சான்" என்று காக்கா போட்டார். டாங்கைக் கழுவாதவன் நான், கெட்ட டீசலை ஊற்றியவன் நான், அவரிடம் பொய் சொன்னவனும் நான் என்று ஒன்றுவிடாமல் எழுதிப் போட்டேன்.

முதல் பதிலாக ஒருவன் கேட்டான்: "என்ன மச்சான், நீயும் குடிக்கத் தொடங்கிட்டியா?"