அம்பை அழித்துக்கொண்டே வருபவர்

எங்கள் சைக்கிள் குழுவில் அவரை எல்லாரும் 'வால்' என்றுதான் கூப்பிடுவார்கள். சேட்டை செய்கிற பிள்ளைகளுக்கு வைக்கிற பெயர் அது. இவரோ பிறந்தபோதுகூட அழாமல், யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று சும்மா படுத்திருப்பார் போல என்று நினைக்க வைக்கிற ஆள். ஞாயிற்றுக்கிழமை சவாரியில் எல்லாருக்கும் கடைசியாக வருவார், அதனால் வால். மற்ற நாட்களில் கல் குவாரி வாசலில் எடைமேடை வேலை. லாரி ஏறும், எண் விழும், சீட்டைக் கிழித்துக் கொடுப்பார், லாரி இறங்கும். ஒரு ஜன்னல், ஒரு மேஜை, எவ்வளவு துடைத்தாலும் போகாத கல்தூசி. அவர் வாழ்க்கையில் வாரத்துக்கு ஆறு நாள் இவ்வளவுதான்.

நான் ஆற்றுப்பாலத்துக்கு இந்தப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். குழுவில் இருப்பவர்களுக்குச் செயின் மாற்றுவதும் அவர்கள் பீற்றிக்கொள்வதைக் கேட்பதும் என் தொழில். உடம்பை ஒட்டிய சட்டையைப் போட்டுக்கொண்டால் மலையே ஒதுங்கி வழிவிடும் என்று நம்புகிற கூட்டம். அதில் பாதிப் பேரை எனக்குப் பிடிக்காது. வாலையும் அவர் மனைவியையும் பிடிக்கும். அவரை அண்ணே என்பேன், அவர் மனைவியை அக்கா என்பேன். அக்கா ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை பார்த்தார். நாக்கையும் அங்கேயே தேய்த்துக்கொண்டு வந்துவிடுவார் போல, அவ்வளவு கூர்மை.

எங்கள் பக்கம் ஆறு நடுவில் ஓடும், இரண்டு கரையிலும் குன்றுகள். எங்கே போவதானாலும் இரண்டு வழி இருக்கும். ஆற்றை ஒட்டியே போகிற பழைய சாலை ஒன்று, நிழலும் குழியுமாக. குன்றின் மேல் ஏறி இறங்குகிற புதிய சாலை இன்னொன்று, தார் பளபளக்கும், ஏறுகிறவனுக்கு மூச்சு முட்டும். இவற்றை மாற்றி மாற்றிக் கோத்து ஞாயிற்றுக்கிழமைக்கு வழி போடுவது வாலின் பொறுப்பு. சனிக்கிழமை வேலை முடிந்ததும் சுண்ணாம்புத்தூள் பையோடு கிளம்பி, ஒவ்வொரு பிரிவிலும் தரையில் ஓர் அம்பு போட்டுவிட்டு வருவார்.

இதில் குழுவுக்கு இரண்டு கட்டுப்பாடு உண்டு. வழி போட்டவர் அதை முன்கூட்டி யாரிடமும் வாயால் சொல்லக்கூடாது. அம்பைப் பார்த்துப் போக வேண்டும், அதுதான் சவாரியின் சுவாரஸ்யம் என்பார்கள். அடுத்தது, வழி போட்டவரே கடைசியாக வந்து ஒவ்வொரு அம்பையும் அழித்துவிட வேண்டும். ஒருமுறை பழைய அம்பு அழியாமல் கிடந்து, அடுத்த வாரம் பாதிக் குழு ஒரு கோழிப்பண்ணைக்குள் போய் நின்றது. அன்றிலிருந்து வாலின் சைக்கிளில் ஒரு குட்டைத் துடைப்பம் ஏறியது.

அக்காவுக்கு முழங்கால் சரியில்லை, ஏற்றம் ஆகாது. அதனால் வால் போடுகிற வழி முடிந்தவரை ஆற்றோரமாகவே போகும். ஏன் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து சுண்ணாம்புக் கையைக் கழுவும்போது நாளைய வழியையும் அக்காவிடம் சொல்லிவிடுவார். முதல் கட்டுப்பாடு அந்தச் சமையலறையில் மட்டும் செல்லாது.

ஒரு வெள்ளிக்கிழமை குழு ஆட்கள் சிலர் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். யாரோ ஒருவன், ஏன் நம் வழியில் மலையே வருவதில்லை என்று இழுத்தான். அக்கா சும்மா இருந்திருக்கலாம்.

"இவர் போடற வழி சாக்கடைத் தண்ணி மாதிரி. பள்ளத்தைத் தேடித்தான் போகும்" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். வால் முகம் சுருங்கிவிட்டது. யாருக்காகப் பள்ளத்தைத் தேடினாரோ அந்த அக்கா வாயாலேயே இதைக் கேட்க வேண்டியிருக்கிறது. மனுஷன் கோபித்துக்கொண்டால் கத்தமாட்டார், பேச்சை நிறுத்திவிடுவார். அக்காவும் லேசுப்பட்டவர் இல்லை. நாம் ஏன் முதலில் பேச வேண்டும் என்று அவரும் வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் வால் அம்பு போடப் போனபோது, பம்ப் ஹவுஸைத் தாண்டி இருக்கும் பிரிவில் நின்று பார்த்திருக்கிறார். அந்த வாரம் பெய்த மழையில் ஆற்றோரச் சாலையில் இருந்த ஓடைப் பாலம் இடிந்து விழுந்திருந்தது. வேறு வழியில்லை. வலது பக்கம், குன்றின் மேல் அம்பைத் திருப்பினார். வீட்டுக்கு வந்தார். கையைக் கழுவினார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டுப்பாடு என்றால் கட்டுப்பாடுதானே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் எல்லாரும் நின்றபோது இருவரும் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். வழக்கமாகக் கடைசியில் அவரோடு வருகிற அக்கா அன்று அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிளம்பிப் போனார். வால் பொறுமையாகக் கடைசி ஆளும் போகட்டும் என்று நின்று, பிறகு துடைப்பத்தோடு கிளம்பினார்.

நான் வேனில் மாற்றுச் சக்கரங்களை ஏற்றிக்கொண்டு சவாரி முடிகிற இடத்துக்கு முன்னாலேயே போயிருந்தேன். ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கடைசியாக வால் வந்து இறங்கி, சுற்றிப் பார்த்தார்.

"அவ எங்க?" என்றார்.

யாருக்கும் தெரியவில்லை. அந்த நிமிஷத்தில் அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது.

பாலம் இருந்த இடத்துக்குக் கீழே, ஓடைக் கற்களில் அக்கா கிடந்தார். நினைவு இருந்தது. விழுந்தது ஆள் உயரம்தான், ஆனால் முதுகு கல்லில் பட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் என்னென்னவோ செய்தார்கள். உயிர் வந்தது, கால் வரவில்லை.

அம்பு இல்லையா என்று எல்லாரும் கேட்டார்கள். "இருந்துச்சு, காத்துல அழிஞ்சிருக்கும்" என்றார் வால். அக்காவிடம் கேட்டால், "நான்தான் கவனிக்கல" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. குழுவில் வேறொருவன் வழி போட ஆரம்பித்தான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போகவே எனக்குப் பிடிக்காமல் போனது. வால் எல்லா வேலையும் செய்தார். சமைத்தார், துவைத்தார், அக்காவைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் வைத்தார், படுக்கையில் புரட்டிவிட்டார். ஆனால் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். அக்கா எவ்வளவு வம்புக்கு இழுத்தாலும் "சரி" என்பார். ஹாலில் டிவி ஓடும், இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"கால் போனது போகட்டும்டா" என்றார் அக்கா ஒருநாள் என்னிடம். "இவர் தப்பு பண்ணின வேலைக்காரன் மாதிரி வீட்டுக்குள்ள நடமாடறார். எனக்குப் புருஷன் இல்லாமப் போச்சு. அதைத்தான் தாங்க முடியல."

கொஞ்ச நாள் கழித்து அக்காவே போன் செய்து, தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடச் சொன்னார். போனேன். கழுவித் துடைத்து, ஹால் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. வால்தான் வாராவாரம் துடைப்பாராம்.

"நிஜமாவே எடுத்துக்கட்டுமாக்கா?"

"எடுத்துட்டுப் போ. வெச்சு அழகு பாக்கவா?"

நான் ஹேண்டில்பாரைப் பிடித்தேன். வால் சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இது போகக்கூடாது தம்பி."

"ஏன், நான் ஏறி ஓட்டப்போறேனா?" என்றார் அக்கா.

வால் சீட்டை விடவில்லை. தரையைப் பார்த்தபடி பேசினார்.

"காத்து அழிக்கல. நான்தான் அழிச்சேன். நீ முன்னாடி போயிட்டேன்னு நெனச்சேன். எல்லாரும் போயாச்சான்னு எண்ணிக்கூடப் பாக்கல. பாலம் விழுந்தது எனக்கு முந்தின நாளே தெரியும். உங்கிட்ட சொல்லாம கையைக் கழுவிட்டு உக்காந்துட்டேன்."

"தெரியும்" என்றார் அக்கா.

"என்ன தெரியும்?"

"நீங்க அழிச்சதைப் பாத்தேன். பம்ப் ஹவுஸ் நிழல்ல நின்னுட்டிருந்தேன், உங்களுக்காகத்தான். போதும், சமாதானமாப் போயிடலாம்னு. நீங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டே தாண்டிப் போயிட்டீங்க. கூப்பிட்டேன், ஆத்துச் சத்தத்துல கேக்கல. வளைவுல வந்து பாத்தா கீழ நீங்க பெருக்கிட்டிருக்கீங்க. நான் எறங்கி வர்றதுக்குள்ள ஆளைக் காணோம்."

வால் இப்போதுதான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். "அப்புறம் ஏன் ஆத்துப் பக்கம் போனே?"

"வலது பக்கம் ஏத்தம். எவ்வளவு கோபம் இருந்தாலும் என்னை ஏத்தத்துல விடமாட்டீங்கன்னு நெனச்சேன்."

வால் சீட்டை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். வாய்விட்டு அழுதார். அத்தனை மாதமாக ஒரு சத்தம் வராத மனுஷனிடமிருந்து அப்படி ஓர் அழுகை. நான் சைக்கிளைப் பிடித்தபடி மரம் மாதிரி நின்றேன். அக்கா அவரை அழவிட்டார். சக்கர நாற்காலியைக் கிட்டே தள்ளிக்கொண்டு வந்து, அவர் தலையில் கை வைத்தார்.

"இனிமே சனிக்கிழமை வழி போட்டுட்டு வந்ததும் எங்கிட்ட சொல்லிடுங்க" என்றார். "நாம பேசலைன்னாலும் சொல்லிடுங்க."

"இனிமே எங்க போடறது?"

"போடுங்க. அந்தப் புதுப் பையன் போடற வழி சகிக்கலைன்னு இவன் சொல்றான்."

நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் தலையாட்டினேன். சைக்கிள் அங்கேயே இருந்துவிட்டது.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று யாராவது நினைத்தால் அவர்கள் அந்த வீட்டுக்கு ஒருநாள் வந்து பார்க்கட்டும். அக்காவுக்கு வலி குறையவில்லை. கண்ணாடிக் கடையில் வேறு ஆள் வந்தாகிவிட்டது. வாலுக்குத் தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டது. அவர் மறுபடி வழி போடுகிறார். இப்போது எல்லாரும் வந்து சேர்ந்த பிறகுதான் துடைப்பத்தோடு திரும்பித் தனியாகப் போய் அம்பை அழிக்கிறார். அந்தப் பிரிவு வந்தால் மட்டும் வெகுநேரம் நிற்கிறார்.

போன சனிக்கிழமை சாயங்காலம் அங்கே போயிருந்தேன். இருவருக்கும் ஏதோ சண்டை. நாற்காலிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டாரா விடவில்லையா என்று ஆரம்பித்ததாம். அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். வால் வெளியிலிருந்து வந்தார், என்னைப் பார்த்துத் தலையசைத்தார், குழாயில் சுண்ணாம்புக் கையைக் கழுவினார். துண்டில் துடைத்தார். பிறகு சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, யாருக்கோ சொல்வது போலச் சொன்னார்.

"டீக்கடை தாண்டி நேரா. பம்ப் ஹவுஸ் பிரிவுல வலது பக்கம்."

அக்கா திரும்பவில்லை. "சரி" என்றார்.