சவத்துக்குள் ஒரு சத்தம்

ஹாட் ராட் கட்டுகிற குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது; காலையில் சர்ச் உண்டு, அதற்குப் பிறகு கிரீஸ் உண்டு.

அப்பாவின் பொழுதுபோக்குக்குப் பிள்ளையாகப் பிறந்து அவதிப்படும் சக ஜீவன்களே, இந்தத் துணுக்குகளின் கடைசியில் ஒரு நல்ல சிரிப்பு இருக்கிறது. இப்போது தர மாட்டேன். அந்தச் சிரிப்புக்காக என் அப்பா மூன்று மாதம் காத்திருந்தார், அதுவும் காத்திருக்கிறோம் என்றே தெரியாமல். நீங்கள் மூன்று பக்கம் காத்திருந்தால் ஒன்றும் குறைந்து போய்விட மாட்டீர்கள்.

அதுவரை அறிமுகங்கள். ஹாட் ராட் என்றால் வேறொன்றுமில்லை. ஒரு பழைய காரின் கூரையை வெட்டித் தாழ்த்தி, மட்கார்டுகளைக் கழற்றி வீசி, பானெட்டை எடுத்துவிட்டு, அதன் தகுதிக்கு மீறிய பெரிய என்ஜினை உள்ளே இறக்கி, பெற்றவர்களுக்கே அடையாளம் தெரியாதபடி செய்துவிடுவது. எங்களுடையதில் உடம்பு அம்பாசிடர், இதயம் ஜீப். இரண்டையும் தில்லியின் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் பொறுக்கி, அங்கேயே ஒரு தகர ஷெட்டை வாடகைக்கு எடுத்து, நான்கு வருஷம் கட்டினோம். அப்பா நாகர்கோவில்காரர். போல்ட் திரும்பாதபோதெல்லாம் “சவம்” என்று திட்டித் திட்டி, வண்டிக்கு அதுவே பெயராகிவிட்டது. பக்கத்து ஷெட்டில் ஒடுங்கிய தகட்டை அடித்து நிமிர்த்தும் டென்டிங் வேலை செய்யும் பல்பீர் அங்கிள் அதை மரியாதையாக “சவம்ஜி” என்பார்.

அப்பா வார நாட்களில் பேங்க் ஆபீசர். அம்மா ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். நான் ஜெனி, பன்னிரண்டாம் வகுப்பு, குரல் திருடி. எங்கள் போதகர், மெட்ரோவில் கதவு மூடப்போகிறது என்று சொல்லும் பெண்மணி, ஜனக்புரியில் எங்கள் மூன்றாம் மாடி வரை கேட்கக் கூவும் காய்கறி வண்டிக்காரர், எல்லாரும் என் தொண்டைக்குள் குடியிருக்கிறார்கள். மனிதர்களோடு நான் நிறுத்திக்கொள்வதும் இல்லை. அதுதான் இந்தக் கதை.

கூரை

கூரையை ஆறு இஞ்சு தாழ்த்துவது என்று முடிவு. அப்பா சாக்பீஸில் கோடு போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். நான் வண்டிக்கு அடியில் படுத்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தேன். அப்பாவின் இந்தி, இருபத்தைந்து வருஷமாகத் தில்லியில் இருந்தும், நாகர்கோவில் ஸ்டேஷனை விட்டு இன்னும் கிளம்பவில்லை. அந்த இந்தியை எடுத்து, “பல்பீர்ஜி, தோ இஞ்ச் அவுர்” என்றேன். இன்னும் இரண்டு இஞ்சு. பல்பீர் அங்கிள் குனிந்து பார்த்து என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குனியவில்லை. கட்டர் ஓடியது.

ஆறடி உயர அப்பா அன்றிலிருந்து சவத்துக்குள் ஜெபம் செய்கிற பாவனையில்தான் உட்கார முடிகிறது. தான் சொன்னதாக அவருக்கு நினைவில்லை, சொல்லவில்லை என்று அடித்துச் சொல்லவும் தைரியமில்லை. பல்பீர் அங்கிளுக்கு மட்டும் சந்தேகமே இல்லை: “நீங்கள் சொன்னீர்கள், நான் வெட்டினேன். வண்டி பிரமாதமாக இருக்கிறது ஜெபராஜ்ஜி, உங்கள் கழுத்துதான் நீளம்.”

தையல்

சீட்டுக்கு வாங்கிய தோல் எருமையினுடையது. திலக் நகர் தையற்காரர் இரண்டு ஊசியை உடைத்துக்கொண்டு, அதைச் சுருட்டி எங்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். அம்மா அன்று நைட் டியூட்டி முடிந்து நேராக ஷெட்டுக்கு வந்திருந்தாள். கைப்பையில் எப்போதும் சுருண்டு கிடக்கும் ஸ்டெதாஸ்கோப்பை ஒதுக்கிவிட்டு, ஒரு வளைந்த ஊசியை வெளியே எடுத்தாள். “இஞ்ச பிடி. இறுக்கிப் பிடி. அது அனங்கப்பிடாது.” தியேட்டர் குரல். நான் பிடித்தேன். அப்பா டார்ச் அடித்தார். மூன்று ஞாயிறுகளில் இரண்டு சீட்டும் தைத்து முடிந்தன. ஒரு தையல் பிசகவில்லை.

அம்மாவோடு வேலை பார்க்கும் லீலாம்மா சிஸ்டர் பார்க்க வந்தார். கோட்டயத்துக்காரர், எதையும் சட்டென்று பாராட்ட மாட்டார். தையல் நெடுக விரலை ஓட்டிப் பார்த்தவர் சொன்னார்: “இத்தனை அழகா ஒரு பேஷண்டுக்கும் நீங்க போட்டதில்லை சிஸ்டரே. இந்த எருமைக்குச் சொந்தக்காரங்க வந்து கத்த மாட்டாங்க, அதான்.”

சிரிப்பு இன்னும் வரவில்லை. தெரியும். முதலில் கொஞ்சம் கஷ்டம் இருக்கிறது.

டோல்காரன்

நவம்பரில் ஷெட்டின் சொந்தக்காரர் வந்தார். மகன் அங்கே கோடவுன் போடப் போகிறானாம், கிறிஸ்துமஸுக்குள் காலி செய்ய வேண்டும். சக ஜீவன்களே, இது வெறும் வாடகைப் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். தில்லியில் பதினைந்து வயது தாண்டிய பெட்ரோல் வண்டி ரோட்டில் ஓடக் கூடாது, தெருவில் நிற்கவும் கூடாது. தூக்கிக்கொண்டு போய் நசுக்கிவிடுவார்கள். சவத்துக்கு அப்பாவை விட இரண்டு வயது கூட. ஐம்பது தாண்டிய வண்டிக்கு வின்டேஜ் என்று சலுகை உண்டு, ஆனால் பிறந்த மேனிக்கு இருக்க வேண்டும். எங்களுடையதற்குக் கூரையே எட்டு இஞ்சு குறைவு. கார் ஷோவுக்குக்கூட லாரி மேல் ஏறித்தான் போகும். ஷெட் போனால் சவமும் போச்சு.

அப்பா அன்று வண்டியைத் துணியால் துடைத்து முடித்தார். “வித்துரலாம்” என்றார். அம்மா டிபன் பாக்ஸைத் திறக்காமலேயே பைக்குள் வைத்தாள்.

நானோ வேறு ஒரு குரலைப் பழக ஆரம்பித்தேன். பல்பீர் அங்கிளிடம் ஒரு பழைய டாக்சி வந்திருந்தது. பேரிங் தேய்ந்து, என்ஜினின் அடிவயிற்றிலிருந்து டொக், டொக் என்று ஒரு சத்தம். அது வந்தால் என்ஜினைப் பிரிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்து, வாயைத் திறக்காமல் தொண்டைக்குள் இழுத்துவிட்டால் அந்தச் சத்தம் அப்படியே வரும். வாய் அசைவதை யாரும் பார்க்கவும் முடியாது. புகை மூடிய நவம்பர் தில்லியில் எல்லார் மூக்கிலும் மாஸ்க்.

வண்டியை வாங்க முதலில் வந்தவர் கல்யாண ஏற்பாட்டுக்காரர், குல்ஷன். மாப்பிள்ளையை இதில் ஏற்றி மண்டபத்துக்குள் கொண்டுவர அவருக்கு ஆசை. அப்பா என்ஜினைப் போட்டார். நான் முன் சீட்டில், என்ஜின் மேல் குனிந்த அப்பாவின் தோளுக்கு ஒரு முழம் பின்னால். சவம் முனகியது. நானும் முனகினேன். டொக்.

குல்ஷனுக்குக் கேட்கவில்லை. பல்பீர் அங்கிளுக்கு முப்பது வருஷச் சுத்தியலில் பாதிக் காது போய்விட்டது, அவருக்கும் கேட்கவில்லை. அப்பாவின் முகம் மட்டும் மாறியது. “எனக்க காதுக்குத் தப்பாது” என்று பெருமை பேசுகிற மனுஷர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை என்ஜினில் வைத்து, கைப்பிடியை ஒரு காதோடு சேர்த்து, மருத்துவர் மாதிரி கேட்டார். பிறகு குல்ஷனிடம், உள்ளே ஏதோ கோளாறு, என்னவென்று தெரியாமல் வண்டியைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். குல்ஷன் கெஞ்சினார்: “பாய்சாஹப், கல்யாணத்தில் ஆறு டோல்காரன் மேளம் அடிப்பான். எந்த மாமனார் உங்கள் பேரிங்கைக் கேட்கப் போகிறார்?”

ரீல்

அடுத்த ஞாயிறுக்குள் அப்பா என்ஜினுக்கு அடியிலுள்ள ஆயில் சேம்பரைக் கழற்றி, பேரிங்குகளை வெளியே எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, புதியவை போட்டு, மூடியிருந்தார். இன்ஸ்டாகிராமில் ரீல் போடும் பையன் ஒருவன் வண்டியை வாங்கப் பைக்கில் வந்தான். என்ஜின் ஓடியது. டொக். அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“சத்தம் இருக்கு தம்பி, தர முடியாது” என்று அவனுக்கு இந்தியில் விளக்கினார். அவன் வண்டியை நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டே சொன்னான்: “பரவாயில்லை அங்கிள், நான் வீடியோவுக்கு மேலே பாட்டு போட்டுக்கொள்வேன்.”

காது

இதற்கு மேல் நான் சொல்லப்போவது எனக்குக் கொஞ்சம் சங்கடம். இரண்டாவது தடவையும் என்ஜினைப் பிரித்து மூடிய பிறகு அப்பா என்ஜினைச் சந்தேகப்படுவதை விட்டுவிட்டார். தன் காதைச் சந்தேகப்பட ஆரம்பித்தார். வீட்டில் ஃபேன் ஓடும்போது திடீரென்று நிறுத்திவிட்டு உற்றுக் கேட்பார். “மக்ளே, இப்ப ஏதாம் கேட்டியா?” “இல்லப்பா.” அது உண்மைதான், நான் அப்போது சும்மா இருந்தேன். ஆனாலும் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டேன்.

கடைசியில் அம்மாவின் ஆஸ்பத்திரியிலேயே காதைச் சோதிக்கப் போனார். நானும் கூடப் போனேன். கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பீப் கேட்கும்போதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் வண்டி விற்றுப்போகும். மூடிக்கொண்டேன். சோதித்த பெண் காகிதத்தை நீட்டிச் சொன்னார்: “இருபது வயசுக்காரன் காது சார் இது. உங்களுக்குக் கேட்டது என்றால், சத்தம் நிஜமாகவே இருக்கிறது.”

அம்மா அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்தாள். பிறகு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரம் பார்த்த மாதிரி இருந்தது.

செடிகளுக்கு நடுவே

கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது சோப்ரா ஆன்ட்டி வந்தார். சத்தர்பூர் பக்கம் பெரிய நர்சரி, சொந்த நிலம், உள்ளே சொந்தப் பாதை, தானே டிராக்டர் ஓட்டுகிறவர். சவத்தைச் சுற்றி வந்து, ஏறி உட்கார்ந்து, “இது எனக்கு வேண்டும்” என்றார். அவருக்குக் கூரையும் இடிக்கவில்லை. நான் டொக் என்றேன். அப்பா வழக்கம்போல உண்மையைச் சொன்னார். மற்ற இரண்டு பேரைப் போல அவர் சத்தம் ஒரு பொருட்டில்லை என்று சொல்லவில்லை.

“ஷெட் இல்லையா? என்னிடம் டிராக்டர் ஷெட் காலியாக இருக்கிறது. வண்டி அங்கே நிற்கட்டும், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து வைத்தியம் பாருங்கள். என்றைக்குச் சத்தம் போகிறதோ அன்றைக்கு வண்டி என்னுடையது. அதுவரை உங்களுடையது.”

நான் மாஸ்க்குக்குள் சிரித்த சிரிப்பு, நீங்கள் இன்னும் சிரிக்காதது.

ஸ்டெதாஸ்கோப்

ஜனவரிக் கடைசி ஞாயிறு. செவ்வந்தித் தொட்டிகளுக்கு நடுவே சவம். சோப்ரா ஆன்ட்டி எல்லாருக்கும் டீ ஊற்றிவிட்டுப் பிரம்பு மோடாவில் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது முறையாகப் பிரித்துப் பூட்டிய என்ஜின் ஓடியது. நான் என் இடத்தில். டொக். டொக்.

அப்பா ஸ்க்ரூடிரைவரை ஒவ்வொரு இடமாக வைத்துக் கேட்டார். “எங்க வச்சாலும் ஒண்ணு போலத்தான் கேக்கு. இப்பிடி ஒரு நோயை நான் கண்டதே இல்ல.”

அம்மா எழுந்து வந்து கைப்பையைத் திறந்தாள். “அத கீழ வையுங்க. அதுல ஒரு காதுதான அடையும். இத மாட்டிக் கேளுங்க.”

அப்பா ஸ்டெதாஸ்கோப்பை இரண்டு காதிலும் மாட்டி, வட்டத்தை என்ஜினில் வைத்தார். டொக், என்றேன். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. ஒரு காதை வெளியே எடுத்தார். டொக். முகம் சுருங்கியது. மறுபடி மாட்டினார். டொக். ஒன்றும் இல்லை. எடுத்தார், மாட்டினார், எடுத்தார். நான் கண்ணை மூடித் தாளம் பிசகாமல் தட்டிக்கொண்டிருந்தேன். கலைஞர்களின் பலவீனம் அது. அவர் திரும்பாமலேயே கையை மட்டும் நீட்டிச் சாவியைத் திருப்பியதை நான் பார்க்கவில்லை.

என்ஜின் நின்றது. தோட்டம் அமைதியானது. அந்த அமைதியில், டொக், டொக்.

கண்ணைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கினார். ஸ்டெதாஸ்கோப் வட்டத்தை என் தாடைக்குக் கீழே வைத்தார், ஜில்லென்று இருந்தது. “இன்னொருக்க” என்றார்.

“டொக்” என்றேன், கண்ணில் தண்ணீரோடு.

முழுதாகக் கேட்டுக்கொண்டார். அம்மா செவ்வந்தியை ஆராய்வதில் மும்முரமாக இருந்தாள். சோப்ரா ஆன்ட்டி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “கிடைத்துவிட்டதா ஜெபராஜ்ஜி?” என்று கேட்டார்.

பொய் சொல்லத் தெரியாத என் அப்பா, வண்டியைப் பார்த்தார், அதன் எட்டு இஞ்சு குறைந்த கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கூரைக் கணக்கும் அந்த நிமிஷத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். காதிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றினார். வந்த சிரிப்பை உதட்டுக்குள் அடக்கினார். பிறகு அந்த நாகர்கோவில் இந்தியில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

“கிடைத்துவிட்டது மேடம். ஆனால் இது ரிப்பேர் ஆகாது.”

ஹாட் ராட் தொழிலில் பாகங்கள் எல்லாம் மாயாபுரியில் கிடைக்கும், கோளாறை மட்டும் வீட்டிலேயே பெற்றெடுக்க வேண்டும்.