பெரியாயி துடைக்காத பொட்டு

மாரிசாமி, பதுளை ராஜா செத்துத் தொலைந்தான். அவனுக்கு வாரிசில்லை; நாட்டை வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டான். இனி உன் உயிர் எவனுக்கும் வேண்டாம். அதனால் உன் ஆத்தா பெரியாயியைப் பற்றிச் சொல்கிறேன், உட்கார்.

அவளை வெட்கங்கெட்டவள் என்ற வாயெல்லாம் புழுத்துப்போகட்டும். உண்மை தெரிந்தும் மூடிக்கிடந்த என் வாயையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கண்டி வெள்ளைக்காரனிடம் போனபோதும் ஊவா நாடு மட்டும் பதுளையிலிருந்த நாயக்க ராஜாக்களிடமே தங்கிவிட்டது உனக்குத் தெரியும். பட்டத்துக்குரிய மூத்த இளவரசன் வேங்கடராயன் ஹல்துமுல்லைப் பக்கம் வேட்டைக்கு வந்தான். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த உன் ஆத்தாளைப் பார்த்தான். பிறகு எங்கே போவான்? இந்த மலையையே சுற்றிச் சுற்றி வந்தான். அவன் அப்பனான ராஜா கல்யாணத்துக்குச் சம்மதிக்கவில்லை. அதனால் அவர்கள் குல வழக்கப்படி தனக்குப் பதிலாகத் தன் கட்டாரியை அனுப்பினான். மாரியம்மன் கோயிலில் மாப்பிள்ளை இடத்தில் அந்தக் கட்டாரியை வைத்தோம். பூசாரி தாலியை எடுத்துக் கொடுக்க, நாத்தனார் இடத்தில் நின்று நான்தான் முடிச்சுப் போட்டேன். வேறு சாட்சி கிடையாது.

உனக்கு நாலு மாதமானபோது, எல்ல கணவாயில் இளவரசன் குதிரையிலிருந்து விழுந்து செத்தானென்று சேதி வந்தது. விழுந்தானாம்! தம்பிக்காரன் பக்கத்திலேயே இருக்கும்போது விழுந்தானாம்! அண்ணனுக்கு எங்கேயோ பெண்டாட்டியும் பிள்ளையும் உண்டென்று அந்தத் தம்பிக்குத் தெரிந்திருந்தது. தாலியறுத்தவள் யாரென்று பார்க்கத் தோட்டந்தோட்டமாக ஆள் அனுப்பினான். அவளைக் கண்டுபிடித்தால் பிள்ளையை உயிரோடு விடமாட்டார்கள்.

பெரியாயி கதவைச் சாத்தினாள். ஊர் கண்ணில் படாமல் மறைத்திருந்த தாலியைத் தானே கழற்றி என் அரிசிப் பானைக்குள் போட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஒரு மூச்சு அழுதாள். பிறகு முகம் கழுவி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, தலையில் பூவோடு, கங்காணி பேர் கூப்பிடும் காலைப் பெரட்டுக்குப் போய் நின்றாள்.

“எளவரசரு ஒனக்கு யாரு?” என்று கேட்டார்கள் வந்தவர்கள்.

“யாருமில்லீங்க. வந்து போன நாலு பேருல அவரும் ஒருத்தருங்க.”

“புள்ளைக்கு அப்பன்?”

“அது எனக்கே தெரியாதுங்களே!” என்று சிரித்தாள்.

ஐயோ, அந்தச் சிரிப்பு! அவர்கள் காறித் துப்பிவிட்டுப் போனார்கள். நம் சனமும் அதை நம்பியதுதான் கொடுமை. பீலியில் தண்ணீர் பிடிக்க அவள் வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். தம்பி பட்டம் கட்டிக்கொண்டான். அவள் முப்பத்தாறு வருஷம் நாள் தவறாமல் பொட்டு வைத்தாள். நீயும் ஊர்ப்பேச்சைக் கேட்டு அவளோடு பேசுவதை நிறுத்தினாய்.

காய்ச்சலில் கிடந்த கடைசி நாள் என் கையைப் பிடித்தாள். “ரெங்கம்மா, இப்பவாச்சும் இதத் தொடச்சுவிடுடி. அவரு பொண்டாட்டியாப் போறேன்.”

ஈரத்துணியை எடுத்துவிட்டேன். வாசலில் நீயும் கங்காணியும் வந்து நின்றீர்கள். துடைத்தால் ஏனென்று கேட்பீர்கள். பதுளையில் அப்போதும் அந்தப் பாவிதான் ராஜா. அவள் கழுத்து வேர்வையை மட்டும் ஒற்றிவிட்டுத் துணியைக் கீழே போட்டேன்.

“சாவுறப்பக்கூடப் பொட்டப் பாரு,” என்றாய் நீ.

அப்போது அவளுக்கு உயிர் இருந்ததடா.